தாய்மாமன் கைக்கட்டு

முன்கோபமும் வீம்பும் எனக்குக் கூடவே பிறந்தவை. கடலூர் சிப்காட்டில் ஃபிட்டர் வேலை. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். தொட்டால் உள்ளே ரத்தம் உர்ரென்று ஓடுவது தெரியும். அது நின்றால் ஊசி குத்த வேறு இடம் தேட வேண்டும். தினமும் காலையில் என் மனைவி மாலதி அங்கே கை வைத்துப் பார்த்த பிறகுதான் காபி போடுவாள்.

தங்கை சிந்துஜாவின் புகுந்த வீட்டுக்கு இது தெரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். 'சீக்காளிக் குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டோமே' என்று ஒரு வார்த்தை வந்தால் யார் தாங்குவது?

சிதம்பரத்தில் அவள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். முழுக்கைச் சட்டைதான் போட்டேன். ஆனாலும் குழந்தை திமிறும்போது சட்டை மேலேறினால் புடைத்த நரம்பு தெரிந்துவிடுமே! காலை எட்டு மணிக்கு மண்டபத்து அறையில் பேண்டேஜ் துணியை எடுத்து இறுக்கிச் சுற்றினேன்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்க. குடுங்க, ஓட்டம் இருக்கான்னு பாக்கறேன்" என்று மாலதி கை நீட்டினாள்.

"இங்க வந்துமா? போடி" என்று தட்டிவிட்டேன்.

கேட்டவர்களிடம் சுளுக்கு என்றேன். பந்தி முடிந்து மூன்று மணிக்கு அவிழ்த்தால், உள்ளே ஒன்றுமே இல்லை. மாலதி தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. தங்கையின் கணவர் கதிர்வேல் எதுவும் கேட்காமல் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "காலையில ஓட்டம் இருந்துச்சா?"

"நான் பாக்கல டாக்டர்" என்றாள் மாலதி. "சீர்த்தட்டு அவசரத்துல மறந்துட்டேன்."

"மறக்குற விஷயமாம்மா இது? அவரு உயிரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"கையில இறுக்கமா ஏதாவது கட்டினீங்களா சார்? எவ்ளோ நேரமாச்சுன்னு தெரிஞ்சாதான் ரத்தக்கட்டிய எடுக்க முடியுமான்னு பாக்கலாம்."

"இல்ல டாக்டர்."

கதிர்வேல் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மண்டபமே பார்த்த கட்டு அது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு மானம் போனது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கட்டினேன் டாக்டர். எட்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும். அவ மறக்கல. பாக்க வந்தவள நான்தான் தட்டிவிட்டேன்."

அதுவரை அழாத மாலதி அழுதாள்.

இரண்டு மணி நேரம் போராடினார்கள். ஓட்டம் திரும்பவில்லை. வலது கையில் புதிதாக வைக்க வேண்டும், அது தேறும்வரை கழுத்தில் குழாய் என்றார்கள்.

மறுநாள் காலை கதிர்வேலின் அம்மா ராமாமிர்தம் தூக்குவாளியோடு வந்தார்.

"கஞ்சியில உப்பு சேக்கல. கொஞ்சமாத்தான் கொண்டாந்தேன், தண்ணி உனக்கு அளவுதான?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"போன வருஷமே சிந்துஜா சொல்லிட்டா. நீயா சொல்லுவன்னு இருந்தோம்." என் கழுத்துக் குழாயைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. "எங்களுக்குப் பயந்தா கையக் கெடுத்துக்கிட்ட? எங்கள அவ்ளோ மட்டமாவா நெனச்ச தம்பி?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.