நான்கு குளம்புக்கு நான்கு எலுமிச்சை

தர்மேந்திரனோடு ஊர் சுற்றப் போவது காவல்காரனோடு ஊர் சுற்றப் போகிற மாதிரி என்று அவன் மனைவி பிரமிளா சொல்வாள். பொய்யில்லை. லூமுட் கடற்கரையில் ஊரே காலை நனைத்துக்கொண்டிருக்கும்போது அவன் மகள் ஷாமினியின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். பூங்காவுக்குப் போனால் ஊஞ்சலை ஆட்டிவிடுகிறேன் என்று போய், ஆடவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வான். வீட்டில் இருக்கிற எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் ஓரத்தில் அவன் கை இருக்கும், முகம் இருக்காது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு தடவை கரு கலைந்து, இனிமேல் கிடையாது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு பிறந்தவள் ஷாமினி. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். இரண்டு டன் சரக்கைத் தலைக்கு மேலே தூக்கி அடுக்கும்போது நடுங்காத கை, இந்தப் பதினொரு வயதுப் பெண் சாலையைக் கடக்கும்போது நடுங்கும்.

அப்படிப்பட்டவனுடைய மகளுக்குக் குதிரை மேல் ஆசை வந்தது. பள்ளி விடுமுறையில் எங்காவது கூட்டிப் போங்கள் என்று பிரமிளா நச்சரித்ததில், செமோரைத் தாண்டி இருக்கும் ஒரு குதிரைக் கொட்டகைக்குப் போனார்கள். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு வீடுகள். மிச்சமிருந்த மேட்டில் நான்கு குதிரைகள். ஷாமினி பத்து நிமிடம் ஏறிச் சுற்றிவிட்டு இறங்கினாள். அன்றைக்கு இறங்கியது உடம்பு மட்டும்தான். மறு வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான்.

“எங்க மாமியார் பால்வெட்டுன எடத்துல எங்க மக குதிரை ஓட்டுறா” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிரமிளா பெருமையடித்துக்கொண்டாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடையில் வேலை. அங்கே போய் நின்று பார்க்க வேண்டியது தர்மேந்திரன்தானே!

கொட்டகையை நடத்துகிறவள் சாந்தினி. அப்பாவும் தாத்தாவும் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்கள். முதல் நாளே அவனைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்தி, கறாராகச் சொல்லிவிட்டாள்.

“பேரு சொல்லி மட்டும் கூப்புடாதீங்கண்ணே. நீங்க கூப்புட்டா புள்ள திரும்பும். புள்ள திரும்புனா குதிரையும் திரும்பும். அப்பறம் சுசாலா, கஷ்டம்.”

வாயைக்கூடத் திறக்கக் கூடாது என்றால் தகப்பன் எதற்கு? ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஷாமினிக்குக் கொடுத்த குதிரையின் பெயர் கோப்பி. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பழுப்புக் குதிரை, சாதுவானதுதான். ஆனாலும் அதன் முதுகு தர்மேந்திரனின் தோளுக்கு இருந்தது. அத்தனை உயரத்தில் மகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து போவாள், அவன் இருக்கிற பக்கம் திரும்பாமலே. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கடற்கரையிலும் பார்த்ததில்லை, பூங்காவிலும் பார்த்ததில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் வலித்தது. தான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடங்களில் எல்லாம் அவள் சிரித்தது இவ்வளவுதானா என்று தோன்றியது.

நான்கு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது ஷாமினி சொன்னாள்: “அடுத்த வாரம் கோப்பியோட கட்டை தாண்டப் போறேன்ப்பா. சின்னக் கட்டைதான். மிஸ் சரின்னுட்டாங்க.”

அந்த வாரம் முழுக்க அவனுக்கு அதே நினைப்புதான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று தெரியும். சரி என்று இருக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து காடியில் ஏறும்போதுதான் அந்த யோசனை வந்தது. போன வருடம் அந்த மைவி காரை வாங்கியபோது முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, பழத்தின் மேல் ஏற்றி எடுத்தான். இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை. மகள் ஏறுகிற குதிரைக்கு இதுவரை யார் என்ன செய்தார்கள்? ஒன்றுமே செய்யவில்லையே! டயருக்கு வைக்கிற பழத்தைக் குளம்புக்கு வைத்தால் ஆகாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு போனான். சாந்தினி கோப்பிக்குச் சேணம் கட்டி, ஷாமினியை ஏற்றிவிட்டு, கடிவாளக் கயிற்றை அவனிடமே கொடுத்தாள். “ஒரு நிமிசம் புடிச்சுக்குங்கண்ணே, கட்டைய எடுத்துப் போட்டுட்டு வாரேன்.” சாமியே வழிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றினான். பையைப் பிரித்தான்.

“என்னாப்பா இது? வேணாம்ப்பா, மிஸ் ஏசுவாங்க.”

“ஒரே நிமிசம்மா. ஒனக்குத்தான்.”

நான்கு குளம்புக்கும் முன்னால் நான்கு பழம் வைத்தான். கோப்பி ஒன்றை முகர்ந்து பார்த்துத் தும்மியது, ஷாமினிகூடச் சிரித்துவிட்டாள். சூடத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுக் காட்டினான். குதிரை காதை மட்டும் பின்னுக்குத் தள்ளியது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தான்.

படீர் என்ற சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. கயிறு தூணிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கோப்பி திடலின் பாதியில் இருந்தது. “ஷாமினீ! ஷாமினீ!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். மகள் திரும்பினாள். குதிரையும் திரும்பியது. அடுத்த கணம் குதிரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. தலைக்கவசம் இருந்ததால் அதோடு போயிற்று. சாந்தினி அவள் கையில் மரச்சிம்பு வைத்துத் துணி சுற்றினாள். பிறகு தரையில் கிடந்த தேங்காய்ச் சில்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ரேஸ்ல ஓடுன குதிரைண்ணே அது. ரேஸ் ஆரம்பிக்க கேட்டு தொறக்குற சத்தம் கேட்டா ஓடணும்னு பழக்கி வச்சிருக்கு. அது மேல தப்பே இல்லைலா.”

அவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு பிரமிளா கடைச் சட்டையோடே ஓடி வந்தாள். “எப்படிடி விழுந்த?” என்றாள். தர்மேந்திரன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்தவள் முந்திக்கொண்டாள்.

“தெரியலம்மா. கோப்பி சும்மாவே பயந்துருச்சு.”

சொல்லிவிட்டு அவனைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று சொல்ல அவனுக்கு அப்போது வாய் வரவில்லை, வீட்டுக்குப் போன பிறகும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டான். தள்ளிப் போடப் போட அது சொல்ல முடியாத விஷயம் ஆகிவிட்டது.

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். இனிமேல் பயந்துவிடுவாள் என்று அவன் உள்ளுக்குள் நம்பியிருந்தான். அப்படி நம்பியதற்காகத் தன்னையே வெறுத்தும்கொண்டான். கட்டுப் பிரித்த அன்றே அவள் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று. இரண்டு நாள் அழுகை, ஒரு நாள் பட்டினி. கடைசியில் பிரமிளா இறங்கி வந்தாள்.

“அப்பா பக்கத்துலயே நிக்கணும். நின்னாத்தான் அனுப்புவேன். என்னாங்க, கேக்குதா?”

அவன் சாந்தினிக்குப் போன் செய்தான். அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை.

“புள்ளைய அனுப்புங்கண்ணே, நான் பாத்துக்கிறேன். ஆனா நீங்க கேட்டைத் தாண்டி உள்ள வர வேணாம். இதுக்கு ஒத்துக்கிட்டா அனுப்புங்க.”

ஒருத்தி பக்கத்திலேயே நில் என்கிறாள், ஒருத்தி உள்ளேயே வராதே என்கிறாள். இரண்டு பேருக்கும் சரி என்றான்.

அந்த ஞாயிறு காடியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். ஷாமினி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். “நீங்க காடியிலயே இருங்கப்பா, சரியா?” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் கூரையும் செம்பனை மட்டைகளும்தான் தெரிந்தன. குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் நடை. பிறகு வேகமாக. நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி. பிறகு நின்றுவிட்டது.

“ஷாமினி!” என்று சாந்தினியின் குரல் கேட்டது.

அவன் கதவைத் திறந்துவிட்டான். ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டான். உள்ளே போனால் அவளுக்கு இந்தக் குதிரை இனிமேல் கிடையாது. போகாவிட்டால் என்ன ஆனது என்றே தெரியாது. ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைக் காடியிலும் வைத்துக்கொண்டு, பெற்ற மகளுக்கு ஒன்றும் செய்ய வக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கக்கூட இல்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, மறுபடி குளம்புச் சத்தம் கேட்டது, மெதுவாக.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வந்தாள். முடியெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது, முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. முன்பக்கம் சட்டை சுத்தமாக இருந்தது. ஏறி உட்காரத் திரும்பியபோது முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை செம்மண் அப்பியிருந்தது.

“விழுந்தியாம்மா?”

“இல்லப்பா. கோப்பிய குளிப்பாட்டுனோம்லா, அப்ப சேறு பட்டுச்சு.”

கையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சீட்டில் படாமல் கொஞ்சம் முன்னால் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். மேடு பள்ளம் வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்க நினைத்தான். கேட்டால் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும் அவளுக்கு. காடியை மெதுவாக ஓட்டினான்.

செமோர் விளக்குச் சந்திப்பில் நிற்கும்போது ஷாமினி அவன் பக்கம் திரும்பினாள். குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள்:

“நீங்க பக்கத்துலயேதான் நின்னீங்கன்னு அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க ஒன்னும் பயப்படாதீங்கப்பா.”

“சரிம்மா” என்றான் தர்மேந்திரன்.