பேரனுக்கு மட்டும் வேற பஞ்சு

தலையணை தைப்பவளுக்கும் பஞ்சு வியாபாரிக்கும் பன்னிரண்டு வருஷக் கூட்டு. நகமும் சதையும் என்று தெருவே சொல்லும். அவர் கொண்டுவரும் மூட்டைக்குள் அவள் கை விட்டுப் பார்த்ததே இல்லை. வாயை அறுத்து அப்படியே பஞ்சடிக்கும் மெஷினில் கவிழ்ப்பாள். பிரித்துப் பார்த்தால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். அடித்து வரும் பஞ்சு கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும். உறைக்குள் போனபின் யார் பார்க்கப் போகிறார்கள்? "நீயும் வாழணும், நானும் வாழணும் தங்கச்சி" என்பார் அவர். அடடா, என்ன தங்கமான வாக்கு!

அன்று காலை வாயெல்லாம் பல்லாக, ஒரு சின்னப் பையோடு வந்தார்.

"பேரன் பொறந்திருக்கான். குட்டியா ஒரு மெத்தை தைச்சுக் குடு. பஞ்சு இதுல இருக்கு."

"எதுக்குண்ணே தனியா? நேத்து நீங்க போட்ட மூட்டையே மூலையில கெடக்கே."

"அய்யய்யே, அது வேண்டாம்! பச்சப்புள்ள படுக்கறது."

சொன்ன வாய் சட்டென்று மூடிக்கொண்டது. அவளுக்குச் சுருக்கென்றது. மூட்டையை அறுத்து முழங்கை வரை கையை விட்டாள். மஞ்சள் கறை காய்ந்து இறுகிய கட்டி ஒன்று வந்தது. அதைச் சுற்றி யாருடைய தலைமுடியோ. நடுவில், புண்ணிலிருந்து பிய்த்த பிளாஸ்திரி. சீ!

"ஆஸ்பத்திரில கழிச்சுப் போட்ட மெத்தைம்மா. மெஷின்ல அடிச்சா சுத்தமாயிடும். அதனாலதானே உனக்கு இந்த வெலைக்குக் குடுக்க முடியுது? ரெண்டு பேருக்கும் நல்லதுதானே தங்கச்சி?"

தங்கச்சியாம் தங்கச்சி! அவரைவிட அவளுக்குத் தன் மேல்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது. அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தும் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்காதவள் அவள்தானே?

சுவரோரம் ஐம்பது தலையணைகள் அடுக்கியிருந்தன. குழந்தைகள் காப்பகத்துக்கு. மதியம் வேன் வரும். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

மேலே இருந்த ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"படுங்கண்ணே."

"என்னது?"

"கன்னத்த வெச்சுச் சித்த நேரம் படுங்க. உங்க பஞ்சு, என் தையல்."

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

அவள் கத்தரியை எடுத்து அந்தத் தலையணையின் வயிற்றைக் கிழித்தாள். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.

"பைத்தியமா உனக்கு? ஆர்டர் போச்சுன்னா கடையே போச்சு!"

"போகட்டும். நாறின கடை."

முப்பத்தேழாவதைக் கிழிக்கும்போது வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் அவருடைய சின்னப் பையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"வேற எடத்துல தைச்சுக்குங்க. தைச்சு வாங்கினதும் பிரிச்சுப் பாத்துடுங்கண்ணே. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."