பஸ்ஸு கீதா?

கல்லூரிப் பேருந்திலேயே பத்ரி சுஜாதாவுக்குச் சட்டம் போட்டுவிட்டான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அவள் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வான்.

"நீ லேப்டாப் பக்கத்துல நில்லு, போதும். உன் 'கீது'வக் கேட்டா எக்ஸ்டர்னல் மேடம் மார்க்கக் கொறச்சிடுவாங்க."

சுஜாதா தலையாட்டினாள். அந்த ஒரு சொல்லால் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் வருடம், ப்ரோக்ராமில் தப்பு எங்கே என்று சார் கேட்டபோது, "மூணாவது லைன்ல கீது சார்" என்றாள். பதில் சரிதான், ஆனால் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு அவள் கல்லூரியில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இன்றைக்கு வைவாவில் தேறினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி, நாவலூரில் வேலை. தேறாவிட்டால் இன்னும் அரை வருடம் இதே ப்ராஜெக்ட், இதே பத்ரி.

ப்ராஜெக்ட் இதுதான்: பஸ் விவரத்தைத் தமிழில் பேசிக் கேட்டால் கணினி தமிழிலேயே பதில் சொல்லும். அதற்கு முதலில் நிறையப் பேருடைய பேச்சைப் பதிவுசெய்து கணினியைப் பழக்க வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் பத்ரியின் தெருவில் பாதி, சதுரங்கப்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சுஜாதாவின் ஊரில் பாதி என்று ஏற்பாடு. பத்ரி தன் பாதியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் ஸ்லைடுகளுக்குப் பூப்போட்ட பார்டர் வைத்துக் கொடுத்தான். ஆக, நாற்று நடும்போது சுஜாதாவின் அம்மா சரோஜாவும் அவள் கூட்டாளிகளும் பேசியதுதான் கணினி அறிந்த மொத்தத் தமிழும். பதில் சொல்லும் குரலும் சரோஜாவுடையதே. எழுதிக் கொடுத்த வாசகத்தைப் பார்த்துவிட்டு, "பேருந்து புறப்படும்னு எவ பேசுவா? நானா சொல்றேன், புடிச்சிக்கோ" என்று தன் இஷ்டத்துக்குப் பேசித் தள்ளியிருந்தாள். மகராசன் பத்ரி இதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

வைவா அறையில், தேர்வாளராக வெளியிலிருந்து வந்த வத்சலா மேடம் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு எழுத்தையும் குளிப்பாட்டித் தலைவாரி வெளியே அனுப்பும் பேச்சு அவருடையது. எல்லாத் தமிழர்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று பத்ரி முழங்கி முடித்ததும், அவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"செங்கல்பட்டுக்கு அடுத்த பேருந்து எப்போது இருக்கிறது?"

கணினி கொஞ்சம் யோசித்தது. பிறகு சரோஜாவின் குரல் அறையை நிறைத்தது.

"இன்னா சொல்ற? வாயத் தொறந்து பேசு."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் பத்ரி விழித்தான். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் தெளிவாகக் கேட்டார். அவர் தெளிவு கூடக்கூடக் கணினிக்குக் குழப்பம்தான் கூடியது.

"காலைல இன்னா துன்ன? சத்தமே வரல."

"இட்லி," என்றார் மேடம், தன்னையறியாமல்.

"மைக் ப்ராப்ளம் மேடம்," என்று பத்ரி பாய்ந்தான். "செங்கல்பட்டு பஸ் எப்போ இருக்கு?"

"உன்னாண்ட ஒரே ரோதனையா கீது. போயி பெரியவங்க யாரையாச்சும் இட்டுகினு வா."

மேடம் பேனாவைத் திறந்தார். "உங்க ப்ராஜெக்டுக்கு உங்களையே புரியலையே, தம்பி."

அந்தப் பேனா முனையைப் பார்த்ததும் சுஜாதாவுக்கு அரை வருடமும் பத்ரியும் சேர்ந்து கண்முன் நின்றார்கள். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது.

"அது மேல தப்பில்ல மேடம். 'செங்கல்பட்டு பஸ்ஸு கீதா'ன்னு கேளுங்க."

"கீதாவா? உங்க அம்மா பேரா?"

"அம்மா பேரு சரோஜா மேடம். கீதான்னா, இருக்கான்னு அர்த்தம்."

பத்ரி கண்ணை மூடிக்கொண்டான். மேடமோ விடுகிற ஆளாக இல்லை. முதலில் பாட்டு வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார். சரோஜா மசியவில்லை. பிறகு 'பேருந்து கீதா' என்றார். "பஸ்ஸு மேடம், கடைசில நல்லா அழுத்துங்க" என்றாள் சுஜாதா. மேடம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இன்னாமே, செங்கல்பட்டு பஸ்ஸு கீதா?"

"கீது, கீது. தோ வந்துகினே கீது. பைய கெட்டியா புடிச்சிகினு ஏறு."

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து மாமல்லபுரம் கேட்டார், கோவளம் கேட்டார், 'போய்விட்டதா' என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே 'பூட்ச்சா' என்றும் கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சரோஜா திட்டாமல் பதில் சொன்னாள்.

"சரிம்மா, நான் பேசினது ஏன் அதுக்குப் புரியல?"

"நீங்க பேசற மாதிரி யாரையும் நாங்க பதிவு பண்ணல மேடம். டேட்டால இல்லாதது அதுக்குத் தெரியாது."

"அதைச் சரியா சொல்லிட்டே. நீ பாஸ்." அவர் பத்ரி பக்கம் திரும்பினார். "அப்படிப் பதிவு பண்ணாம விட்டது யாருன்னு நான் கேக்கல. உங்க முகமே சொல்லுது. ஒரே ஒரு தடவை நீங்க கேட்டு அது பதில் சொல்லட்டும், கையெழுத்துப் போடறேன்."

பத்ரி மைக்கைப் பிடித்தான். "செங்கல்பட்டு பஸ்ஸு இருக்கீதா?"

"இன்னா சொல்ற?"

'கீறுதா' என்றான். 'கிக்கீதா' என்றான். சுஜாதா சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். அவனுக்குச் சட்டை நனைந்ததே தவிர நாக்கு வளையவில்லை. அடுத்த அணி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் அழுகை முட்ட, இங்கிதமெல்லாம் கழன்றுபோய், மைக்கிடமே கும்பிடு போட்டான்.

"எம்மா, தாயே, செங்கல்பட்டு பஸ்ஸு கீதா இல்லியா?"

"அது அப்பவே பூட்ச்சி நைனா. அடுத்த வண்டிக்கு நில்லு."

பத்ரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு, சுஜா. இதுவும் போச்சு."

"டேய், பஸ்ஸுதான்டா பூட்ச்சி," என்றாள் சுஜாதா. "உனக்கு பதில் சொல்லிச்சில்ல. பாஸுடா நீ."

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேடத்தின் பேனா பாதியில் நின்றது.

"அது நான் போக வேண்டிய பஸ்ஸாச்சே," என்றார். "இப்ப நான் இன்னா பண்றது?"