ஒன்பதாவது கை

"மூணே மூணு அளவு, பொன்னிக்கா. சின்னது, நடு, பெருசு. உலகம் பூரா அப்படித்தான்..."

"உலகம் பூரா இன்னா வேணா பண்ணிகினு போவட்டும். கையப் பாக்காம..."

"முந்நூறு பேர் கையை யாரால பாக்க முடியும்? சொல்றதைக் கொஞ்சம்..."

"கையப் பாக்காம நான் வளையலு பண்ண மாட்டேன். நீ எத்தினி வாட்டி கேட்டாலும் இதான்."

இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸின் அந்தச் சாப்பாட்டு மேசையில், ஒரு பக்கம் ரோகிணியின் கம்ப்யூட்டர். மறுபக்கம் பித்தளை வளையங்கள், மெழுகு தடவிய நூல்கண்டு, அரிசி அரிசியாய்ச் சிப்பிகள். திரையில் ஹாம்பர்க் கடைக்காரியின் கடிதம் திறந்தே இருந்தது. முந்நூறு ஜோடி, மூன்று அளவு, இன்று மாலைக்குள் பதில். சரி என்றால் வருஷா வருஷம் வாங்குவார்களாம். ரோகிணி தன் இன்டர்நெட் கடையில் போட்டிருக்கும், கடலும் பொன்னியின் விரல்களும் தெரிகிற படத்தையும், 'கடல்வளை' என்ற அந்தக் கடையின் பெயரையும் தங்கள் கடையில் பெரிதாக மாட்டிக்கொள்வார்களாம்.

பொன்னிக்கு இதில் பாதியைத்தான் ரோகிணி சொல்லியிருந்தாள். சொல்லாத பாதி செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஒரு பட்டறையில் மாதிரி வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருபதே நாளில் இதே மாதிரி முடித்துத் தருகிறோம், யார் செய்தார்கள் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது என்றிருந்தார்கள். ரோகிணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கணவன் ஹரிகிருஷ்ணன் ஆபீஸ் விட்டு வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் மார்க் கேட்கிற குரலில் "இன்னைக்கு எத்தனை ஆர்டர்?" என்று கேட்பான். பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாக அவள் சொல்லிவரும் பதில் நாலு, அஞ்சு, சில நாள் ஒன்றுமில்லை. இன்றைக்காவது முந்நூறு என்று சொல்ல ஆசைப்பட்டாள்.

பொன்னியை அவள் முதலில் கண்டது மாமல்லபுரத்துக் கடற்கரையில். கழுத்தில் சிப்பிமாலைகள் தொங்க, ஒரு வெள்ளைக்காரியின் கையைப் பிடித்துக் கட்டைவிரல் அடியை மாவு பிசைகிற மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தாள் பொன்னி. கயிற்றில் கோத்திருந்த இருபது முப்பது வளையல்களில் ஒன்றைப் பார்க்காமலே உருவி ஏற்றினாள். முழு வட்டம். கொக்கி கிடையாது. வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, கையைப் பிடித்தால் தெரியாதா என்று இவளைத்தான் விசித்திரமாகப் பார்த்தாள். பிற்பாடு ஒருநாள், கொக்கி வைத்தால் எல்லாக் கைக்கும் சரியாகுமே என்று ரோகிணி யோசனை சொன்னபோது, "கொக்கி வச்சா அது வளையலு இல்லம்மா, வாசக் கேட்டு" என்று சிரித்தாள்.

இன்டர்நெட்டில் வாங்குகிறவளின் கையை எங்கே போய்ப் பிடிப்பது? காகிதத்தின் மேல் கையை விரித்துவைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள் என்று எழுதினாள் ரோகிணி. முதலில் ஈமெயிலில் வந்தவற்றை அச்செடுத்தபோது பிரின்டர் எல்லாவற்றையும் சுருக்கிவிட்டிருந்தது. பொன்னி பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எல்லாம் பால்வாடிப் புள்ளைங்களா?" என்றாள். அந்த அளவில் செய்த வளையல்கள் பன்னிரண்டும் திரும்பி வந்தன. அதிலிருந்து தபாலில் வரும் கைதான். வாங்குகிறவர்களுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. கையை வரைந்து உறையில் போட்டு அனுப்புவதற்காகவே வாங்குகிறோம் என்றுகூட ஒருத்தி எழுதியிருந்தாள்.

இன்று எட்டு உறைகள் வந்திருந்தன. மேசையில் ஒன்பது இருந்தன.

ஒன்பதாவதைக் காலையில் ரோகிணியே செய்தாள். தன் இடது கையை வரைந்து, 'மார்த்தா, லிஸ்பன்' என்று எழுதி, பழைய வெளிநாட்டு உறை ஒன்றில் போட்டுக் கலந்துவிட்டாள். பொன்னி சொல்வதெல்லாம் நிஜமாகவே கோட்டில் இருக்கிறதா, இல்லை வாய்க்கு வந்ததா? இதைக் கண்டுபிடிக்க வேறு வழி தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் ஹாம்பர்க்குக்குச் சரி என்று எழுதிவிடலாம். அப்புறம் செங்கல்பட்டுக்கு ஒரு போன். மனசு உறுத்தாது.

சண்டை ஓய்ந்ததும் பொன்னி உறைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கோட்டின் மேல் தன் விரலை ஓடவிட்டாள். கட்டைவிரலின் அடியில் பென்சில் வழுக்கிப் போயிருந்தால் மெத்தென்ற கை, வளையல் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் ஏறும். இடித்து நின்று திரும்பியிருந்தால் எலும்புக் கை, விரல்கடையில் கால்பங்கு கூட்ட வேண்டும். ஒருத்தி மோதிரத்தோடு வரைந்திருந்தாள். இன்னொருத்தியின் கோடு சுண்டுவிரலருகே நடுங்கியிருந்தது. பக்கத்தில் யாரோ சிரிப்புக் காட்டியிருக்கிறார்கள் என்றாள் பொன்னி. ரோகிணி கோபத்தை மறந்து குனிந்து பார்த்தாள். ஆமாம், சிரித்த மாதிரிதான் இருந்தது.

எட்டு முடிந்து ஒன்பதாவதை எடுத்தாள். விரலை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். காகிதத்தை மடித்துத் தனியாக வைத்தாள்.

"இதுக்குப் பண்ண மாட்டேன்."

"ஏன்? அளவு தெரியலையா?"

"அளவு தெரியுது. ரெண்டே கால். நல்லா ஏறும்." பொன்னி காகிதத்தைத் திரும்ப விரித்து மணிக்கட்டைக் காட்டினாள். "தோ பாரு. மத்தவளுங்க எல்லாம் இங்க வந்ததும் நின்னுருக்காளுங்க. வளையலு இங்கதான் உக்காரும்னு ஒரு வாட்டி பாத்துட்டுதான் பென்சில எடுத்துருக்காளுங்க. சில பேரு அங்க ஒரு புள்ளிகூட வச்சிருக்காளுங்க. இவ நிக்கவே இல்ல. விர்ருனு முழங்கை வரைக்கும் போய்கினே கீது கோடு. இவ போட மாட்டா. வாங்கி வச்சுக்குவா."

ரோகிணி மேசை மேலிருந்த தன் இடது கையை மடிக்கு இறக்கினாள். முதல் மாதமே பொன்னி ஆசையாகச் செய்து கொடுத்த ஜோடி பீரோவில் பஞ்சுக்குள் இருந்தது. கீபோர்டில் இடிக்கும் என்பது காரணம். படம் எடுக்க மட்டும் நாலைந்து முறை வெளியே எடுத்திருக்கிறாள். அப்போதும் மாட்டியது பக்கத்து வீட்டு வச்சலாவின் கையில்.

இவள் கண்டுபிடித்துவிட்டாளா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பொன்னி நூலின் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, முதல் கைக்கான வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து ஒதுக்கினாள், இன்னொன்றை எடுத்தாள். வெளியே ஆபீஸ் பஸ் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. திரையில் பதில் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. அதில் கோடு ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது.

"இந்த ஒம்போதாவது கைக்காரம்மாவுக்கு ஒரு லெட்டரு போடு ரோகிணிம்மா," என்றாள் பொன்னி, நூலைச் சுற்றியபடி, தலை நிமிராமல். "கோச்சிக்காத மாதிரியே எழுது. போட ஆசையே இல்லாம, எதுக்கும்மா கைய அனுப்புனன்னு கேளு."