அதற்கு முன் இங்கே யாரும் இல்லை

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. திருவள்ளூரில் பழைய பேப்பர் கடையொன்றில் தேசப்படப் புத்தகம் வாங்கினேன். உள்ளே கடிதம் மடிந்து கிடந்தது. தட்டச்சு செய்த ஆங்கிலம். வருடம் 1969. அமெரிக்காவில் கெட்டில் பெண்ட் என்ற சிற்றூரின் பள்ளி ஆசிரியை லோயிஸ், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு எழுதியது. தங்கள் ஊரைப் பற்றி மூன்று தலைப்புகளில் சொல்லியிருந்தார்: புவியியல், மக்கள்தொகை, வரலாறு.

நான் கெட்டில் பெண்ட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ஆறு வளையும் இடத்தில் ஒரு

(அந்த ஆற்றை நான் பார்த்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டு தானியச் சேமிப்புக் கோபுரங்கள். கொடியைத் தூக்கிக் காட்டினால் மட்டும் நிற்கும் ரயில்.

(இது லோயிஸ் எழுதியது. நான் எழுதியதல்ல.)

வரலாற்றுக்கு இரண்டே வரி. '1881இல் முதல் மனிதர்கள் வந்தார்கள். அதற்கு முன் இங்கே யாரும் இல்லை.' இரண்டாவது வரியின் கீழே யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். அழுத்தியதில் காகிதம் கிழிந்திருந்தது.

கோடு போட்டவரைத் தேடினேன். கிடைக்கவில்லை. உண்டாக்கினேன். பெயர் ஆதிகேசவன்.

2

ஆதிகேசவனுக்குச் சொந்த ஊர் கடம்பத்தூர். கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, நெடுஞ்சாலையோரப் பள்ளியில் பாடம் நடத்தினார். பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து கோதுமை வரும். அதை உப்புமாவாகக் கிண்டியவள் கெங்கம்மாள். பள்ளிக்கு மேற்கே, மேட்டில் இருந்த நொச்சிமேடு என்ற ஊர்க்காரி.

லோயிஸின் இரண்டாவது கடிதத்தோடு ஒரு கல் வந்தது. சிறியது. முக்கோணம். ஓரமெல்லாம் செதுக்கியிருந்தது. 'அம்பு முனை. உழும்போது கிடைக்கும். எங்கள் பிள்ளைகள் டப்பா டப்பாவாக வைத்திருக்கிறார்கள்.'

ஆதிகேசவன் அதைக் காகிதம் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்துக்கொண்டார். கெங்கம்மாள் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னா சார் இது? ஊர்ல கல்லே இல்லாத மாதிரி அமெரிக்காலேருந்து கல்லு வர வெச்சிக்கினு."

அவர் விளக்கினார். 1881ஐயும் சொன்னார்.

"அதுக்கு மின்னாடி யாருமே இல்லியா?"

"இல்லைன்னு எழுதியிருக்காங்க."

"அப்போ இத்த யாரு சார் செதுக்குனது?"

"காட்டு ஜனங்க."

"ஜனங்கதானே?"

ஆதிகேசவன் சிரித்தார். அவள் கல்லை வைத்துவிட்டு அடுப்புக்குப் போனாள்.*

* இந்தச் சிரிப்பை மூன்று முறை அடித்தேன். அவர் நல்லவர், சிரிக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் சிரித்திருப்பார். நானும் சிரித்திருப்பேன்.

3

1971, மார்ச். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆசிரியர்களுக்குத்தான் அந்த வேலை. மற்ற ஊர்களை முடித்துவிட்டு நொச்சிமேட்டுக்கு மாதக் கடைசியில் போனார் ஆதிகேசவன். வழியை மறித்து வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. தோரணத்துக்கு உள்ளே கெங்கம்மாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"அங்கியே நில்லு சார். காப்பு கட்டியாச்சு. வெளியாளு உள்ள வரக் கூடாது."

"உள்ளே வரலை. எத்தனை பேருன்னு மட்டும் சொல்லு."

"காப்பு நாள்ல தலைய எண்ண மாட்டோம். எண்ணுனா ஆத்தா எண்ணிக்கினு போயிடுவா. போன வருசம் அம்மைல நாலு போச்சு."

"சர்க்கார் கேக்குது, கெங்கம்மா."

"அல்லாரும் கீறாங்கன்னு சொல்லு. சர்க்காரு இன்னா, பொண்ணு குடுக்கவா வருது, ஒண்ணொண்ணா பாக்க?"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள்.

"காப்பு எப்ப அவுக்கறீங்க?"

"அஞ்சாந் தேதி."

கணக்குப் புத்தகத்தை நாலாம் தேதி ஒப்படைக்க வேண்டும். உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். வேறு எவராயிருந்தாலும் போட்டிருப்பார். ஆதிகேசவன் பொய் எழுதுகிறவர் அல்ல. கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் 'பிறகு' என்று எழுதிக் கொடுத்தார்.

பிறகு யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

(இந்த இடத்தில் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஆறாம் தேதி அவர் ஏன் போகவில்லை? வெயில் என்று எழுதினேன். வயிற்றுவலி என்று எழுதினேன். இரண்டையும் அடித்தேன். மறந்துவிட்டார். அவ்வளவுதான்.)

4

1974. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டது. கெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பசை காய்வதற்குள் உரித்துப் பள்ளிக்கு எடுத்து வந்துவிட்டாள்.

"நம்மூரு பேரு வருதான்னு பாரு சார்."

வந்தது. ஆதிகேசவன் சத்தமாகப் படித்தார். "நொச்சிமேடு. மேட்டுத் தரிசு. குடியிருப்பு..."

நின்றார்.

"இன்னா சார்?"

"இல்லை."

"இன்னா இல்ல?"

"யாரும் இல்லையாம்."

கெங்கம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறார் என்று நினைத்தாள். பிறகு அப்படி இல்லை என்று தெரிந்தது. சமையலுக்கு எடுத்திருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வைத்தாள். அது உருண்டு போயிற்று.

"காலைல நாஷ்டா துன்னுட்டுத்தானே சார் வந்தேன்" என்றாள்.



ஆதிகேசவன் மேசைக்குத் திரும்பினார். மேசைமேல் அந்தக் கல் இருந்தது. தேசப்படப் புத்தகத்திலிருந்து முதல் கடிதத்தை எடுத்தார். சிவப்பு மையை எடுத்தார்.

5

தாலுகா ஆபீசில் குமாஸ்தா அச்சிட்ட மக்கள்தொகைக் கணக்கைத் திருப்பிக் காட்டினார். நொச்சிமேடு: குடிகளற்ற கிராமம்.

"நான் வெறுமையாத்தானே விட்டேன்."

"வெறும் கட்டம் பிரஸ்ஸுக்குப் போவாது சார். மேல யாரோ நிரப்பியிருப்பாங்க."

"அங்க ஆளுங்க இருக்காங்க. இப்பவே வாங்க, காட்டறேன்."

"இருக்கலாம். இப்ப குடிசை போட்டுக்கினு வந்து ஒக்காந்தாங்கன்னு சொல்லுவாங்க. எழுபத்தொண்ணுலயே இருந்தாங்கன்னு யாரு சொல்றது?" குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்லணும். போனேன், பாத்தேன், எழுதல, தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். தந்தா ஊரு நிக்கலாம். உங்க வேலை நிக்காது. வெள்ளிக்கெழம கடைசி நாள்."

கடம்பத்தூர் வீட்டில் மனைவி செண்பகம். மூன்றாவது பிள்ளை வயிற்றில்.

6

வியாழக்கிழமை பள்ளி வாசலில் நொச்சிமேடு முழுவதும் நின்றது. கிழவர்கள், கைப்பிள்ளைகள், கட்டிலோடு தூக்கி வந்த ஒருத்தி.

"எண்ணிக்கோ சார்" என்றாள் கெங்கம்மாள்.

"தலையை எண்ணக் கூடாதே?"

"ஆத்தா எண்ணுனா கொஞ்சம் போவும். இவனுங்க எண்ணாததுல அல்லாம் போச்சு."

அவளே எண்ணினாள். முதலில் தன்னை. பிறகு ஒவ்வொரு தலையாகத் தொட்டு. தன் கடைசிப் பெண் பச்சையம்மாவிடம் வந்தபோது கை நின்றது. தொட்டாள்.

நூற்று எண்பத்தேழு. ஆதிகேசவன் எல்லாப் பெயர்களையும் எழுதினார். மறுநாள் கீழே வாக்குமூலத்தையும் எழுதினார். பேனாவைக் கையெழுத்திடும் இடத்துக்குக் கொண்டுபோனார்.

7

முடிவு ஒன்று: போட்டார். வேலை போயிற்று. ஊர் நின்றது. (நம்ப விருப்பம்.)

முடிவு இரண்டு: போடவில்லை. திங்கட்கிழமை புல்டோசர் வந்தது. அதை ஓட்டி வந்தவன் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றைப் பார்த்துவிட்டு இறங்கி

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

முடிவு மூன்று: போட்டார். வேலை போயிற்று. ஊரும் போயிற்று. (இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்பதை எழுதக் கை வரவில்லை.)

வழக்கம்போல முடிவை வாசகரிடம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அது நேர்மை என்றும் நினைத்தேன். கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் 'பிறகு' என்று

அடித்துவிட்டேன்.

ஆகவே இவ்வளவு மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணி. தாலுகா ஆபீஸ் ஐந்துக்குப் பூட்டும். ஆதிகேசவன் கையில் பேனா. எதிரே கெங்கம்மாள். அவள் கெஞ்சவில்லை. "எழுது சார்" என்றாள், நேற்று எண்ணிய அதே குரலில். இது நடந்தது. இதை நான் மையில் எழுதுகிறேன்.

கையெழுத்துக்கான கோடு கீழே இருக்கிறது. அவர் பெயரை நீங்கள் எழுதலாம். எழுதாமல் பக்கத்தைத் திருப்பலாம். திருப்பினால் அது வெறுமையாகவே இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நிரப்புவதற்கு மேலே ஆள் இருக்கிறது.

____________________