வலது கையிலிருந்து முளைத்தவன்

இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில், 1954 மார்ச்சில் கடலில் விழுந்த எஜிதியோவின் வலது கை, அடுத்த வருடம் ஜூலையில் முழு ஆளாகப் படித்துறை ஏறி வந்து, நேராக அவன் வீட்டுக்குப் போய், பழகிய விதத்தில் தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவைத் திறந்தது.

ஊரை ஒட்டிய சிறுகடலில் சிப்பி வளர்க்கிறவர்களுக்கு நட்சத்திர மீன்தான் எமன். சிப்பி பாட்டுக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் தூசியளவு உயிர்களை வடித்துத் தின்று கிடக்கும். நட்சத்திர மீன் அதைக் கட்டிப்பிடித்து, கைகளுக்கு அடியிலுள்ள நூற்றுக்கணக்கான பொடிக் கால்களால் இரண்டு ஓடுகளையும் பிரித்து இழுக்கும். சிப்பி ஓயும்வரை இழுக்கும். காகிதம் நுழையும் இடுக்கு கிடைத்தால் போதும், தன் வயிற்றையே வாய்வழியாக வெளியே தள்ளி உள்ளே செருகி, சதையை அங்கேயே கரைத்துக் குடித்துவிட்டு, வயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆத்திரத்தில் ஆட்கள் அதை நாலாக நறுக்கிக் கடலிலேயே வீசினார்கள். நடுச்சதை ஒட்டியிருந்த துண்டெல்லாம் தனி மீனாக வளர்ந்தது. இது உறைப்பதற்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் ஒரு காலையில் கட்டுக்கயிறு இறுகி எஜிதியோவின் கை முழங்கையோடு போக, கூட்டாளி மிம்மோ பதற்றத்தில் அதையும் நறுக்கிய மீன்களோடு சேர்த்துக் கடலில் கொட்டிவிட்டான்.

வந்தவன் அச்சு அசலாக எஜிதியோதான். ஆனால் கைக்குத் தெரிந்தது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. முடிச்சுப் போட்டான், சிப்பி உடைத்தான், சீட்டுக் கலைத்தான், எஜிதியோவின் கையெழுத்தைப் போட்டான். தன் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. எஜிதியோவின் மனைவி நுன்சியாவின் கூந்தலை மட்டும் சிக்கில்லாமல் பின்னிவிட்டான்.

"இதுல எதுய்யா என் புருஷன்?" என்று அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாய் ஒருத்தன்கிட்ட இருக்கு, வேலை இன்னொருத்தன்கிட்ட இருக்கு."

எஜிதியோ மோதிர விரலை நீட்டிக் காட்டினான். தாலியில்லாத ஊர், மோதிரம்தான் சாட்சி. அதுவோ இடது கையில், அவனிடமே இருந்தது. ஆனாலும் ஒரு வாரத்தில் படகில் எஜிதியோவின் இடம் போனது. அடுத்த வாரம் மேசையில் அவன் நாற்காலி போனது. படுக்கையும் போய்விடுமோ என்று தூக்கம் கெட்டது.

"வெட்டிகிட்டிப் போட்றாத மச்சான்," என்றான் மிம்மோ. "அப்புறம் அஞ்சு பேரு வந்து வாசல்ல காப்பி கேப்பானுங்க."

நட்சத்திர மீனைக் கொல்ல இப்போது எல்லோருக்கும் வழி தெரியும். கரைக்கல்லில் போட்டு வெயிலில் காயவிட்டால் போதும். ஆகஸ்ட்டில் ஒரு காலை எஜிதியோ வந்தவனைக் கரைக்கு அழைத்துப் போய், "நான் வர்ற வரைக்கும் இங்கயே உக்காரு," என்றான். சொன்னதைச் செய்துதான் கைக்குப் பழக்கம். உட்கார்ந்துவிட்டான்.

எஜிதியோ ஒற்றைத் துடுப்போடு கோணல்மாணலாகச் சிப்பிக் கயிறுகளுக்குப் போய்ச் சேர்ந்தான். உச்சி வேளையில் அவனுடைய இல்லாத விரல்கள் எரியத் தொடங்கின. நகக்கண் வெடிப்பதுபோல் வலித்தது. தண்ணீர் மொண்டு ஊற்றலாமென்றால், ஊற்ற அங்கே கை இல்லை. காய்வது அவனா நானா என்று எஜிதியோவுக்குக் குழம்பியது. எந்தப் பக்கம் நின்று யோசித்தாலும் மற்ற பக்கம் வலித்தது. திரும்பினான். ஒற்றைத் துடுப்பில் படகு சுற்றிச் சுற்றி வந்தது. கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே துடுப்பை வலித்தான்.

கரைக்கல்லில் மற்றவன் உதடு சுருங்கி, தோல் உப்புப் பூத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான். எஜிதியோ வாளி வாளியாகக் கடல்நீரை அவன்மேல் ஊற்றினான். ஏழாவது வாளியில் எரிச்சல் அடங்கியது.

"எழுந்து நிழலுக்குப் போகத் தெரியாதாடா உனக்கு, மாடே!"

மற்றவன் மெதுவாக வலது கையைத் தூக்கி எஜிதியோவின் நெற்றி வியர்வையை வழித்துவிட்டான். நாற்பது வருடம் அந்த நெற்றியைத் துடைத்த கை அது.

மறுநாள் இருவரும் படகில் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். இடது துடுப்பை எஜிதியோ பிடித்தான், வலதை மற்றவன் பிடித்தான். படகு நேராகப் போனது. நுன்சியா சந்தையிலிருந்து இன்னொரு நாற்காலி வாங்கி வந்தாள்.