பைலி எழுந்து நின்ன இடம்

மூவாற்றுப்புழையில அண்ணனோட கல்யாண வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து நான் வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பைலி வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. முகத்துல ரத்தமே இல்ல.

"ரோசிலி, நான் இப்பவே ஒரு மீட்டிங்குக்குப் போகணும்."

"விடிஞ்சா என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இப்பத்தான் உங்களுக்கு மீட்டிங்கா?"

"போகலைன்னா குடிச்சிருவேன்டி."

வெங்காயத்தை அப்படியே போட்டுட்டு எழுந்தேன். எங்க ஆளுங்க நோன்பு அம்பது நாளும் குப்பியத் தொட மாட்டாங்க. ஈஸ்டர் அன்னிக்கு எல்லாத்துக்கும் சேர்த்துக் குடிப்பாங்க. பைலியும் வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் ஈஸ்டர் வந்துச்சு, போச்சு, மனுஷன் தொடல. எங்க ஊரு பாலாவுல குடியை விட்டவங்க கூடுற மீட்டிங் ஒன்னு இருக்கு, தவறாமப் போவாரு. நான் கேட்டுக்கு வெளியிலயே நிப்பேன். உள்ள வான்னு கூப்பிடுவாரு. குடிச்சு நாசமாப் போன கதையைக் கேக்க நான் வேறயா? கூடவே குடும்பம் நடத்தினவளுக்கு அது தெரியாதா?

இப்பத்தான் வீட்டு முன்னாடி மாமரத்தடியில என் அண்ணன் தேவசிக்குட்டி குப்பிங்களை அடுக்கி வச்சுட்டு, மச்சான் பைலியைப் பாத்து, "அளியா, உனக்கு இன்னும் நோன்பு முடியலையா? கர்த்தரே எழுந்திரிச்சுப் போயிட்டாரு!"ன்னு கிண்டல் பண்ண, அத்தனை பேரும் சிரிச்சிருக்காங்க. அவனுக்கு எப்பவும் வாய் நீளம்.

பைலி பாலாவுல இருக்கிற மீட்டிங் கூட்டாளி ஔசேப்புக்குப் போன் போட்டாரு. "மூவாற்றுப்புழையிலயா? சனிக்கிழமை சாயங்காலம் ஒன்னு இருக்கு. ஆத்தங்கரையில ஒரு சர்ச் ஹால்"னாரு ஔசேப்பு. எந்த சர்ச்சுன்னு அவருக்கும் தெரியல. இதுக்கு போர்டும் வைக்க மாட்டாங்க. யாரு வர்றாங்கன்னு வெளிய தெரியக் கூடாதாம்.

ஆட்டோ பிடிச்சோம். சாராயக்கடைக்கு வழி கேட்டா ஊரே கை காட்டும். இதுக்கு வழி கேட்டதும் ஆட்டோக்காரன் சிரிச்சுட்டான்.

"குடிகாரங்க மீட்டிங்கா சேச்சி? அது பெவரேஜஸ் கடை கியூவுலதான் தினமும் நடக்குதே!"

"வாயை மூடிட்டு ஓட்டுடா!"

அந்த கவர்மெண்ட் பிராந்திக்கடை கியூ வழியாத்தான் போக வேண்டியிருந்துச்சு. பைலி ஆட்டோக்காரன் தோளைத் தட்டினாரு. "கொஞ்சம் நிறுத்து, வெத்தலை வாங்கணும்"னாரு. இந்த மனுஷன் ஆயுசுலயே வெத்தலை போட்டதில்ல. அவர் மணிக்கட்டைப் பிடிச்சேன், விடல.

முதல் சர்ச்ல ஹால் பூட்டிக் கிடந்துச்சு. அடுத்ததுல வெளிச்சம் தெரிஞ்சுது. பிளாஸ்டிக் நாற்காலிங்களை வட்டமாப் போட்டு ஆணும் பொண்ணுமா உட்கார்ந்திருந்தாங்க.

"மீட்டிங் இதுதானா?"ன்னு கேட்டுட்டே பைலி உள்ள போனாரு.

"இதேதான், வாங்க வாங்க. புதுசா வந்தவங்க முதல்ல பேரைச் சொல்லுங்க"ன்னாரு ஒரு கண்ணாடிக்காரர்.

மழை தூத்தினதால நான் வாசப்படி வரைக்கும் ஏறிட்டேன். அப்புறம்தான் பாத்தேன், எல்லார் கையிலயும் ஜெபமாலை. சர்ச்சோட குடும்ப ஜெபக் கூட்டம்! அதுலயும் எதிர்ல உட்கார்ந்திருக்கிறது கல்யாண மாப்பிள்ளையோட அத்தை திரேசாம்மா. ஐயோ கர்த்தாவே! நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பைலி நிமிர்ந்து நின்னுட்டாரு.

"என் பேரு பைலி. நான் ஒரு குடிகாரன்."

அவங்க மீட்டிங்ல ஒருத்தர் இப்படிச் சொன்னா, மத்தவங்க எல்லாம் ஒரே குரலா பேரைச் சொல்லி வணக்கம் சொல்லுவாங்க. அதுக்குத்தான் காத்துட்டு நின்னாரு. இங்க ஒருத்தரும் மூச்சு விடல. திரேசாம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா. கண்ணாடிக்காரர் தரையைப் பாத்தாரு. பைலிக்கும் புரிஞ்சுபோச்சு. வாசலைப் பாத்துத் திரும்பினாரு. அவர் இங்கிருந்து நேரா எங்க போவாருன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! அத்தனை பேரு வாயிலயும் என்ன கொழுக்கட்டையா? செருப்பைக் கூடக் கழட்டாம உள்ள போனேன்.

"வணக்கம் பைலி!"

கத்திட்டேன். குரல் வேற உடைஞ்சுபோச்சு. "இது என் வீட்டுக்காரர் திரேசாம்மா. நாளைக்குப் பந்தியில உங்க பக்கத்துலதான் உட்காருவாரு. இப்பக் கொஞ்சம் கேளுங்க"ன்னு சொல்லிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்க சொல்லுங்க."

பைலி வாசலை விட்டுத் திரும்பி நின்னு ஆரம்பிச்சாரு.

"எனக்கு இன்னிக்குக் குடிக்கணும் போல இருக்கு. கல்யாண வீடுன்னாலே அப்படித்தான். என் மக ஜின்சி கல்யாணத்தன்னிக்கு... வீட்டை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி பொண்ணு அப்பன்கிட்ட இயேசுவுக்கு ஸ்துதி சொல்லணும், அப்பன் அவ தலையில கை வச்சு ஆசீர்வதிக்கணும், இல்லையா, நான் கட்டில்ல கிடந்தேன். அவ வந்து என் கையைத் தொட்டா. 'ஈசோவுக்கு ஸ்துதி அப்பா'ன்னா. அப்பாவுக்கு நினைவே இல்லம்மான்னு சொல்லி ரோசிலி அவளைக் கூட்டிட்டுப் போயிட்டா." அவர் என்னைப் பாத்தாரு. "நினைவு இருந்துச்சு ரோசிலி. எல்லாம் கேட்டுச்சு. கையைத்தான் தூக்க முடியல."

இத்தனை வருஷமா அந்த ஆளுக்கு எதுவும் தெரியாதுன்னு நினைச்சுத்தான் திட்டிட்டு இருந்தேன். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. கண்ணாடிக்காரர் எழுந்து வந்து கதவைச் சாத்தினாரு. பைலி இன்னும் பேசிட்டிருந்தாரு.